பசித்த ரயிலுக்குப் பந்தி வைத்தவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

பயணத்தில் வரும் பசி ஒரு தனிப் பசி. வீட்டில் பசித்தால் அடுப்படி இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் அண்டை வீட்டில் கேட்கலாம். ரயிலில் பசித்தால் அடுத்த நிலையத்தில் யார் எதை விற்கிறாரோ அதுதான் உணவு; அவர் சொல்வதுதான் விலை. வாங்கிப் பிரிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடுமோ என்ற பதைப்பு வேறு.

பசிப்பிணி தீர்ப்பதை அறமாகக் கண்ட மொழி நம்முடையது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை மணிமேகலையின் கையில் கொடுத்து அழகு பார்த்தது நம் காப்பியம். ஆனால் அதே சோற்றைக் கூலிக்காகப் பரிமாறும் மனிதனை நாம் எப்படி நடத்துகிறோம்? ஓட்டலில் இலை போடுபவரை, மேசை துடைப்பவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கேள்வி எனக்கு எதனால் எழுந்தது என்பதைக் கட்டுரையின் இறுதியில் கூறுகிறேன். அதற்கு முன், பாத்திரம் கழுவும் தொட்டியில் வாழ்க்கையைத் தொடங்கி, ஒரு கண்டத்தின் பாதித் தூரத்துக்குப் பந்தி விரித்த ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் பிரெட் ஹார்வி.

பாத்திரம் கழுவிய சிறுவன்

ஹார்வி 1835-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் இலண்டன் நகரில் பிறந்தார். 1853-இல், பதினேழு வயதில், கப்பலேறி அமெரிக்கா சென்றார். நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது அவரிடம் பணமில்லை, பட்டமில்லை, சிபாரிசுக் கடிதமும் இல்லை. அங்காடிப் பகுதியில் இருந்த ஸ்மித் அண்ட் மெக்னெல் என்ற உணவகத்தில் எச்சில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு டாலர் கூலி.

பாத்திரம் கழுவுகிறவனின் கண்ணுக்கு ஓட்டலின் உண்மை முழுவதும் தெரியும். எந்தத் தட்டு காலியாக வருகிறது, எந்தத் தட்டில் பாதி உணவு மிஞ்சி வருகிறது என்பதை முதலாளியைவிட அவனே நன்கு அறிவான். ஹார்வி அந்தத் தொட்டியின் அருகில் நின்றபடியே பாடம் படித்தார். பிறகு மேசை துடைப்பவராகவும், பரிமாறுபவராகவும், சமையலில் கைகொடுப்பவராகவும் படிப்படியாக உயர்ந்தார். சரக்கு புதிதாக இருக்க வேண்டும், பரிமாறும் கை சுத்தமாக இருக்க வேண்டும், கொடுத்த வாக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற மூன்று பாடங்களை அங்கேதான் கற்றார்.

நியூயார்க்கிலிருந்து தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகருக்குச் சென்றார். அங்கே மஞ்சள் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. உயிர் பிழைத்ததே பெரிது. பின்பு மிசிசிப்பி ஆற்றின் கரையிலிருந்த செயின்ட் லூயிஸ் நகரை அடைந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து சொந்தமாக உணவகம் ஒன்றைத் திறந்தார். வியாபாரம் வளர்ந்து வந்த வேளையில், 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. ஹார்வி அடிமை முறையை எதிர்த்த வடக்கின் பக்கம். கூட்டாளி தெற்கின் பக்கம். ஒருநாள் அந்தக் கூட்டாளி இருவரின் சேமிப்பையும் வாரி எடுத்துக்கொண்டு தெற்கே போய்விட்டார். கல்லாவும் காலி, கடையும் காலி. அதன் பின்னர் டைபாய்டு காய்ச்சலும் வந்தது. பல ஆண்டு உழைப்பு சில நாட்களில் கரைந்துபோயிற்று. வேறொருவராக இருந்தால், ஓட்டல் என்ற சொல்லையே வெறுத்திருப்பார்.

ரயில் ஊழியர்

பிழைப்புக்காக ஹார்வி ரயில்வேயில் சேர்ந்தார். ஓடும் வண்டியிலேயே கடிதங்களைப் பிரித்து அடுக்கும் அஞ்சல் பெட்டி 1862-இல் மிசௌரி மாநிலத்தின் ஹானிபல், செயின்ட் ஜோசப் நகரங்களுக்கிடையே ஓடத் தொடங்கியது. அதில் பணிபுரிந்தவர்களுள் ஹார்வியும் ஒருவர். பிறகு வேறொரு ரயில் நிறுவனத்தில் சரக்கு முகவரானார். அந்தப் பணி 1865-இல் அவரைக் கான்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் நகருக்குக் கொண்டு சேர்த்தது. சாகும்வரை அதுவே அவருடைய ஊராயிற்று.

அந்த நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புவியியல் பாடத்தில் பிரெய்ரி புல்வெளி என்று படித்திருக்கிறோம். மரமற்று, மேடற்று, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல் அசையும் பரந்த சமவெளி அது. அதன் கிழக்கு ஓரத்தில், மிசௌரி ஆற்றின் கரையில், 1854-இல் தோன்றிய நகரம் லெவன்வொர்த். கான்சாஸ் பகுதியில் முதன்முதலாக நகராட்சித் தகுதி பெற்ற ஊர் அதுவே. 1861-இல் கான்சாஸ் தனி மாநிலமாயிற்று. டோபிகா தலைநகரமாயிற்று. தண்டவாளம் நீள நீள, அதன் இருபுறமும் ஊர்கள் முளைத்தன. தண்டவாளம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்த ஊருக்கு வாழ்வு. திரும்பாத ஊருக்குத் தாழ்வு. மிசௌரி ஆற்றின் மீது முதல் ரயில் பாலம் 1869-இல் கான்சாஸ் சிட்டி நகரில் அமைந்தபோது, பெருநகராகும் கனவை லெவன்வொர்த் அவ்வூரிடம் இழந்தது என்பர்.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. அந்தப் புல்வெளி ஆளில்லாத நிலமன்று. காலங்காலமாக அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்கள் ஒப்பந்தங்களாலும் படைபலத்தாலும் வெளியேற்றப்பட்டனர். அந்த மாநிலத்துக்கே பெயர் தந்த கான்சா மக்கள் 1873-இல் தெற்கே, பிற்காலத்தில் ஓக்லகோமா எனப் பெயர் பெற்ற நிலப்பகுதிக்கு, அனுப்பப்பட்டனர். மந்தை மந்தையாக மேய்ந்த காட்டெருமைகள் 1870-களில் தோலுக்காகக் கொன்று குவிக்கப்பட்டன. அந்தத் தோல்களைச் சுமந்து சென்றதும் ரயிலே. ஹார்வியின் வெற்றி அந்த ரயிலோடு சேர்ந்து வந்த வெற்றி. ஆகவே அந்த நிழலும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

வீட்டிலும் துயரம் அவரை விடவில்லை. செயின்ட் லூயிஸ் நகரில், பொகீமியாவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண்ணான சாலி என்பவரை மணந்திருந்தார். லெவன்வொர்த் வந்த காலத்தில் சிறு ஆண் குழந்தைகள் இருவரைச் செங்காய்ச்சலுக்கு அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அதன் பின் பிறந்த மூத்த மகன் போர்டு. பிற்காலத்தில் தந்தையின் பெயரைக் காத்தவர் இவரே.

ரயிலடியில் நடந்த ஏமாற்று

சரக்கு முகவரென்ற முறையில் ஹார்வி ஓயாமல் ரயிலில் அலைந்தார். அப்போது மேற்குத் திசை ரயில்களில் உணவுப் பெட்டி கிடையாது. வண்டி நீர் நிரப்பவும் இயந்திரம் மாற்றவும் நிற்கும் நிலையங்களில் பயணிகள் ஓடிப்போய்ச் சாப்பிட வேண்டும். இருபது, முப்பது நிமிடங்கள்தாம் நேரம். கிடைத்ததோ ஊசிய இறைச்சி, கல் போன்ற ரொட்டி, ஒரு வாரத்துக்கு முன் காய்ச்சியது போன்ற காப்பி.

இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. சில நிலையங்களில் ஓட்டல்காரரும் வண்டி ஊழியரும் கைகோத்துக் கொள்வார்கள். பயணி முன்பணம் கொடுத்து, தட்டு வந்து, வாயில் கவளம் வைக்கும் நேரத்தில் வண்டி மணி அடிக்கும். பசியோடு அவர் ஓடுவார். தொடாத உணவு அடுத்த வண்டிக்காக மீண்டும் சட்டிக்குள் போகும். ஊழியருக்கு ஒரு பங்கு. பசித்தவரை ஏமாற்றுவதைக் காட்டிலும் எளிதான வியாபாரம் உலகில் இல்லை.

ஒவ்வாத உணவால் ஹார்வியின் வயிறும் கெட்டது. ஆனால் அவர் குறை சொல்வதோடு நிற்கவில்லை. பாத்திரத் தொட்டியில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. அதே இருபது நிமிடத்தில், அதே விலையில், நல்ல சாப்பாடு போட முடியாதா என்று சிந்தித்தார். 1870-களின் நடுவில் ஜெப் ரைஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, கான்சாஸ் பசிபிக் ரயில் பாதையில் வாலஸ், ஹியூகோ ஆகிய ஊர்களில் உணவகம் நடத்திப் பார்த்தார். கூட்டு நிலைக்கவில்லை. ஆனால் கணக்கு சரியாக வரும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

தாம் வேலை பார்த்த ரயில் நிறுவனத்திடம் தம் யோசனையைக் கூறினார்; அவர்கள் ஏற்கவில்லை. பிறகு அட்சிசன், டோபிகா அண்ட் சாண்டா பே என்ற நீண்ட பெயர் கொண்ட ரயில் நிறுவனத்தை அணுகினார். அதன் கண்காணிப்பாளர் சார்லஸ் மார்ஸ் நல்ல உணவின் அருமை அறிந்தவர். 1876-இல் டோபிகா நிலையத்தின் மாடியிலிருந்த சிற்றுண்டிச் சாலை ஹார்வியின் கைக்கு வந்தது. பத்திரம் இல்லை, முத்திரை இல்லை. இருவரும் கைகுலுக்கினர், அவ்வளவுதான்.

புல்வெளி நடுவே ஒரு மாளிகைச் சாப்பாடு

ஹார்வி முதலில் அறையைக் கழுவினார். பிறகு மேசை விரிப்பை மாற்றினார். அதன் பிறகே உணவுப் பட்டியலில் கை வைத்தார். டோபிகாவில் கூட்டம் பெருகியது. இப்படிச் சாப்பாடு போட்டால் பயணிகள் டோபிகாவைத் தாண்டி மேற்கே போகவே மாட்டார்கள், பிறகு அந்த மாநிலத்தில் குடியேறுவது யார் என்று ரயில்காரர்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்களாம்.

1878-இல் கான்சாஸின் புளோரன்ஸ் என்ற சிற்றூரில், உணவகத்தோடு தங்கும் அறைகளும் கொண்ட முதல் ஓட்டலை ஏற்றார். ஊரின் மக்கள்தொகை சில நூறுதான். அந்த ஊருக்கு ஹார்வி யாரைச் சமையற்காரராகக் கொண்டுவந்தார் தெரியுமா? சிகாகோவின் புகழ்பெற்ற பாமர் ஹவுஸ் ஓட்டலில் தலைமைச் சமையற்காரராக இருந்த பில் பிலிப்ஸ் என்பவரை. ஆண்டுக்கு 5,000 டாலர் சம்பளம் என்று கூறப்படுகிறது. அக்காலத்தில் பெரிய வங்கி அதிகாரிகளுக்கும் எளிதில் கிடைக்காத தொகை அது. இங்கிலாந்திலிருந்து வெள்ளிப் பாத்திரங்களும் அயர்லாந்திலிருந்து மேசை விரிப்புகளும் வந்தன. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் காடை, கோழி, வெண்ணெய், காய்கறி ஆகியவற்றைக் கொண்டுவந்து நல்ல விலைக்குக் கொடுத்தனர். புழுதி படிந்த புல்வெளிக் கிராமத்தில், பெருநகரத்துச் செல்வர் உண்ணும் உணவைச் சாதாரணப் பயணி ஐம்பது காசுக்கு உண்டார். பின்னாளில் விலை எழுபத்தைந்து காசாயிற்று.

இவ்வளவு கொடுத்து எப்படிக் கட்டுப்படியாகும் என்று கேட்கலாம். இரகசியம் ரயிலோடு செய்துகொண்ட ஏற்பாட்டில் இருந்தது. கட்டடம், நிலக்கரி, பனிக்கட்டி, தண்ணீர் ஆகியவற்றை ரயில் நிறுவனம் கொடுத்தது. சரக்கையும் ஊழியரையும் இலவசமாக ஏற்றிச் சென்றது. பனிக்கட்டி வைத்த குளிர்ப் பெட்டிகளில் கான்சாஸின் இறைச்சி மேற்கே போனது. கலிபோர்னியாவின் பழம் கிழக்கே வந்தது. உணவு விற்ற லாபம் ஹார்விக்கு. நல்ல உணவுக்காகவே இந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் பயணிகளின் கட்டணம் ரயிலுக்கு. இருவருக்கும் நன்மை, நடுவில் பயணியின் வயிறும் நிறைந்தது. கைகுலுக்கலில் தொடங்கிய உறவு 1889-இல்தான் எழுத்து ஒப்பந்தமாக மாறியது. அதன்படி மிசௌரி ஆற்றுக்கு மேற்கே அந்த ரயிலின் உணவு விடுதிகளை நடத்தும் உரிமை அவருக்கே உரியதாயிற்று.

இருபத்தைந்து நிமிடத்தின் கணக்கு

ஒரு வண்டி முழுவதும் வரும் பயணிகளுக்கு இருபத்தைந்து நிமிடத்தில் முழுச் சாப்பாடு போடுவது எப்படி? அறிவியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது இந்தப் பகுதிதான்.

வண்டி வரும் வழியிலேயே அதன் ஊழியர் பயணிகளிடம் சென்று, யார் யார் பெரிய கூடத்தில் உண்பார்கள், யார் யார் சிற்றுண்டி மேசையில் உண்பார்கள் என்று கேட்டுக் கணக்கெடுப்பார். அந்த எண்ணிக்கை அடுத்த நிலையத்துக்குத் தந்தியில் பறக்கும். வண்டி நெருங்குகையில் இயந்திரத்தின் ஊதல் ஒலிக்கும்; ஓட்டல் வாசலில் கண்டாமணி அடிக்கப்படும். பயணி உள்ளே நுழைந்து அமரும்போது முதல் உணவு மேசையில் தயாராக இருக்கும்.

பானத்துக்கு ஒரு தனி மொழியே இருந்தது. ஒரு பணிப்பெண் வந்து காப்பியா, தேநீரா, பாலா என்று கேட்டுவிட்டு, கோப்பையைச் சிறிது நகர்த்தி வைத்துப் போவார். கோப்பை நிமிர்ந்திருந்தால் காப்பி. கவிழ்ந்திருந்தால் சூடான தேநீர். தட்டின் ஓரத்தில் சாய்ந்திருந்தால் குளிர்ந்த தேநீர். தட்டை விட்டுத் தள்ளிக் கவிழ்ந்திருந்தால் பால். அடுத்து வரும் பெண் ஒரு வார்த்தையும் கேட்காமல் சரியாக ஊற்றிச் செல்வார். பயணிக்கு அது மாயம்; அவர்களுக்கு அது பயிற்சி.

வறண்ட பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பும் காரமும் மிகுந்தது. அந்த நீரில் எந்தக் காப்பியும் சுவைக்காது என்பதை நம் ஆய்வகத்துக்கு வராமலே அவர்கள் அறிந்திருந்தனர். நல்ல நீரைத் தொட்டி வண்டிகளில் வரவழைத்தனர். காப்பி சில மணி நேரத்துக்கு ஒரு முறை புதிதாகப் போடப்பட்டது. ஆரஞ்சுப் பழத்தைப் பயணி கேட்ட பிறகே பிழிந்தனர். மற்ற கடைகளில் ஆறாக வெட்டும் இனிப்புப் பணியாரத்தை இங்கே நான்காக மட்டுமே வெட்டினர். நீண்ட பயணம் போகிறவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே உணவைச் சாப்பிட நேராதபடி, பாதை முழுவதற்கும் சேர்த்தே உணவுப் பட்டியல் வகுக்கப்பட்டது.

முதலாளியோ எந்த வண்டியில் எப்போது வந்து இறங்குவார் என்று யாருக்கும் தெரியாது. விரலால் மேசையின் அடியில் தடவித் தூசி பார்ப்பார். மேசை ஒழுங்காக இல்லாவிட்டால், விரிப்போடு எல்லாவற்றையும் இழுத்துக் கீழே தள்ளிவிட்டு, மீண்டும் அடுக்கச் சொல்வார் என்று ஒரு கதை உண்டு. இன்னொரு கதையும் வழங்குகிறது. ஓர் ஓட்டல் மாதத்துக்கு 1,000 டாலர் நட்டத்தில் ஓடியதாம். புதிதாக வந்த மேலாளர் உணவின் அளவைக் குறைத்து நட்டத்தைப் பாதியாக்கிவிட்டுப் பெருமையாகச் சொன்னாராம். ஹார்வி அவரை வேலையை விட்டு அனுப்பினாராம். கதை எந்த அளவு உண்மையோ, ஊழியர்கள் அதை நம்பினார்கள் என்பது உண்மை. ஒரு முதலாளியைப் பற்றி ஊழியர் எந்தக் கதையை நம்புகிறார்கள் என்பதே அவர் யார் என்பதைச் சொல்லிவிடும்.

வேலைக்கு வந்த பெண்கள்

1883-இல் நியூ மெக்சிகோவின் ராட்டன் என்ற மலையடிவார ஊரில் ஒரு நெருக்கடி ஏற்பட்டது. பரிமாறும் ஆண்களிடையே இரவில் அடிதடி. ஹார்வி நேரில் வந்து எல்லோரையும் வேலையை விட்டு நீக்கினார். புதிய மேலாளராக வந்த டாம் கேபிள், பெண்களைப் பணியில் அமர்த்தலாம் என்று யோசனை கூறினார். அக்காலத்தில் ஓட்டலில் வேலை செய்யும் பெண் என்றாலே ஊர் தவறாகப் பேசும். ஆனாலும் ஹார்வி துணிந்தார். பதினெட்டு முதல் முப்பது வயதுக்குட்பட்ட, படித்த, நற்குணமுள்ள பெண்கள் தேவை என்று நாளேடுகளில் விளம்பரம் செய்தார்.

பண்ணை வீடுகளிலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் பெண்கள் வந்தனர். மாதம் பதினேழரை டாலர் சம்பளம். அதோடு உணவு, உறைவிடம், பயணிகள் தரும் அன்பளிப்பு. கறுப்பு உடை, கஞ்சி போட்ட வெள்ளை மேலாடை. விடுதியில் கண்காணிப்பாளர் அம்மையார் இருப்பார். இரவு பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். கட்டுப்பாடு மிகுதிதான். ஆனால் அதே கட்டுப்பாடுதான், பெற்றோர் நம்பி மகளை ஆயிரம் மைல் தொலைவுக்கு அனுப்ப வழி செய்தது. ஹார்வி பெண்கள் என்ற பெயர் மரியாதைக்குரிய பெயராயிற்று. அந்த வழியில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பெண்கள் பணியாற்றினர் என்று வரலாற்றாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களில் பலர் ஊருக்குப் பணம் அனுப்பினர். தம்பி தங்கைகளைப் படிக்கவைத்தனர். பலர் மேற்கிலேயே மணம் புரிந்து, புதிய ஊர்களின் முதல் குடும்பங்களாயினர்.

இங்கேயும் ஒரு நிழல் உண்டு. ராட்டனில் நீக்கப்பட்டவர்கள் கறுப்பின ஆண்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்கள் வெள்ளையினப் பெண்கள். அடிமைத்தளை அறுந்து இருபது ஆண்டுகூட ஆகாத காலம் அது. சண்டையிட்டவர் சிலர், வேலையிழந்தவர் எல்லோரும். அதன் பிறகு நீண்டகாலம் கூடத்தின் வெளிச்சத்தில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. சமையற்கட்டின் பின்புறமே அவர்களுக்குக் கிடைத்தது. மெக்சிகோ வழியினரும் பூர்வகுடிப் பெண்களும் பரிமாறும் வேலைக்கு வந்தது பிற்காலத்தில்தான். ஒரு சாராருக்குத் திறந்த கதவு இன்னொரு சாராரின் முகத்தில் சாத்தப்பட்டதை மறந்து ஹார்வியைப் புகழ்ந்தால், அது வரலாறாகாது, விளம்பரமாகும்.

இறுதிக்காலம்

வெளியே வெற்றி பெருகியபோது உடல் தளர்ந்தது. இளமையில் தாக்கிய காய்ச்சல்களும் ஓயாத அலைச்சலும் அவரை நிரந்தர நோயாளியாக்கின. தலைவலியும் தூக்கமின்மையும் வாட்டின. மருத்துவத்துக்காகவும் ஓய்வுக்காகவும் அடிக்கடி இங்கிலாந்து சென்று மாதக்கணக்கில் தங்கினார். எத்தனையோ பேரின் பசியைத் தீர்த்தவருக்குத் தம் தட்டிலிருந்ததை மனமார உண்ணும் பேறு கிட்டவில்லை. 1901-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், லெவன்வொர்த் நகரிலிருந்த தம் இல்லத்தில் குடல் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. பன்றி இறைச்சியை மிக மெல்லியதாக வெட்டாதீர்கள் என்று சாகும் தறுவாயில் மக்களிடம் கூறியதாக ஒரு கதை உண்டு. பிறர் கட்டிய கதையாகவே இருக்கக்கூடும். இருந்தாலும் அது அவருக்குப் பொருந்தாத கதையன்று.

அவர் மறைந்த காலத்தில் நாற்பத்தேழு உணவகங்களும், பதினைந்து ஓட்டல்களும், முப்பது ரயில் உணவுப் பெட்டிகளும் அவர் பெயரால் நடந்துவந்தன. மகன் போர்டு தந்தையின் பெயரையே நிறுவனத்தின் பெயராகத் தொடர்ந்தார். 1905-இல் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில் எல் டோவார் என்ற ஓட்டலைத் திறந்தார். பிறகு மோட்டார் வண்டியும் விமானமும் வந்தன, ரயில் தேய்ந்தது, நிலையத்து ஓட்டல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1946-இல் ஹார்வி பெண்களைப் பற்றி ஜூடி கார்லண்ட் நடித்த திரைப்படம் வெளிவந்தது. 1968-இல் நிறுவனம் வேறொரு கம்பெனிக்கு விற்கப்பட்டது. புளோரன்ஸ் ஊரின் பழைய ஓட்டல் கட்டடத்தில் எஞ்சிய பகுதி அருங்காட்சியகமாயிற்று.

நான் எழுதிய ஒரு சொல்

இப்போது தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். என் தந்தை ஓர் ஓட்டலில் சப்ளையர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடியற்காலை நாலரை மணிக்கு அவர் வீட்டை விட்டுப் போவார். இரவு திரும்பும்போது அவர் சட்டையில் சாம்பார் மணமும், விரலிடுக்கில் தண்ணீரில் ஊறிய வெண்மையும் இருக்கும். இருபது மேசையின் கணக்கை ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் மனத்தில் வைத்திருப்பார். யாருக்குச் சர்க்கரை குறைவு, யாருக்கு நெய் வேண்டாம், எந்தக் குழந்தைக்கு இட்லியைப் பிய்த்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்றொரு கோடிட்ட இடம் இருந்தது. பக்கத்தில் நின்ற அப்பா, எழுதப் படிக்க அவ்வளவாக வராதவர், என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தனியார் பணி என்று எழுதினேன். என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோப்பையைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பேசிய அந்தப் பெண்களைப் பற்றி நூலகத்தில் படித்தபோது, என் அப்பாவின் கை எனக்கு நினைவுக்கு வந்தது. பாத்திரத் தொட்டியருகே நின்ற பதினேழு வயதுச் சிறுவனைப் பற்றிப் படித்தபோது, என் பேனா எழுதிய அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. ஹார்வி குறையற்றவர் அல்லர்; அவர் நின்ற நிலமும் கறையற்றதன்று. ஆனால் பசித்தவர் முன் வைக்கும் தட்டு ஒரு பொறுப்பு என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பரிமாறுவதை இழிவென்று அவர் கருதியிருந்தால், அந்தப் புல்வெளியில் அவர் பெயர் நின்றிருக்காது.

நண்பர்களே, அடுத்த முறை ஓட்டலில் தண்ணீர் வைக்கும் மனிதரை ஒரு கணம் நிமிர்ந்து பாருங்கள். அவர் நம்மில் யாரோ ஒருவரின் தந்தையாக இருக்கலாம். இவ்வாண்டு கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் வந்தபோது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஓட்டல் சப்ளையர் என்று தெளிவாக எழுதினேன். அன்றிரவு அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.